பள்ளி, கல்லூரி விளையாட்டுக் காயங்களை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்ளலாமா?

இடதுவிங்கர்
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். சென்னையில் எம்.பி.டி. (பிசியோதெரபி முதுநிலை) இரண்டாம் வருடம் படிக்கிறேன், விளையாட்டு பிசியோ பிரிவு. இளநிலை படிக்கும்போது கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியில் இடது விங்கில் ஆடினேன். இரண்டாம் வருடம் ஓர் ஆட்டத்தில், பக்கத்தில் ஆளே இல்லை, பந்தை உள்பக்கம் வெட்டித் திரும்பினேன். முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். முழங்காலை உள்ளே பிடித்துவைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு போய்விட்டது. ஸ்பிரே அடித்து, காலை இழுத்துவிட்டு, "எழுந்து நட, சரியாயிடும்" என்றார்கள். எழுந்து நாலு அடி வைத்தேன், கால் மடிந்து மறுபடி விழுந்தேன்.

அறுவை சிகிச்சை, பத்து மாதப் பயிற்சி எல்லாம் முடிந்த கதை. நான் கேட்க வந்தது வேறு. நான் ஆடிய மூன்று வருடத்தில் எங்கள் அணியில் மட்டும் நான்கு பேருக்கு முழங்கால் போனது, என்னையும் சேர்த்து. முதுநிலைக்கு வந்த பிறகு, இது வழக்கமான எண்ணிக்கையா, அதிகமா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு எங்கள் கல்லூரி விளையாட்டுத் துறையில் பதிவேடு கேட்டேன். பரிசுக் கோப்பைகளுக்குப் பதிவேடு இருக்கிறது. பந்து, நெட் வாங்கியதற்கு ரசீது இருக்கிறது. அந்த நான்கு முழங்கால்கள் எந்த நோட்டிலும் இல்லை.

என் ஆய்வு வழிகாட்டி, "முப்பது பேரை எடு, இரண்டு விதப் பயிற்சி கொடு, ஒப்பிடு, முடி" என்கிறார். எனக்கு அதில் மனம் போகவில்லை. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு எங்கே, எப்படி, எத்தனை முறை அடிபடுகிறது என்று எண்ணவேண்டும். பிஎச்.டி.யும் அதிலேயே செய்யவேண்டும். அப்பா, "கிளினிக் போட்டா பிழைச்சுக்கலாம், இதுல என்ன வேலை கிடைக்கும்?" என்கிறார். இந்த வழியில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மண்தரை
ஞாயிறு, இரவு 10.25

வாம்மா. நான் உடற்கல்வி ஆசிரியர், 27 வருட சர்வீஸ், வடசென்னை. உன் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் நீ எண்ணவேண்டும் என்கிறாயே, அந்த எண்ணிக்கை எங்கே தொலைகிறது என்று என்னால் காட்டமுடியும்.

பக்கத்துப் பள்ளிகளுக்குள் குறுவட்டப் போட்டி நடக்கும் நாளைப் பார். காலை ஆறரைக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், பாதிப் பேர் சாப்பிடாமல். கபடியில் நன்றாக ஆடும் அணி ஒரே நாளில் மூன்று ஆட்டம், சில சமயம் நான்கு ஆடும். இறுதி ஆட்டம் மதியம் இரண்டு மணி வெயிலில். மூன்றாவது ஆட்டத்தில் ரைடர் திரும்பும்போது கணுக்கால் பிரளும். நான் ஒருவன், பிள்ளைகள் நாற்பது பேர், கையில் கிரேப் பேண்டேஜ் இரண்டு சுருள். கட்டிவிடுவேன். அவன் மாவட்டப் போட்டிக்குப் போகவேண்டும் என்பதால் வலி இல்லை என்பான். மறுநாள் அவன் அம்மா புத்தூர் கட்டு போட அழைத்துப் போவார். ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை, பள்ளியில் பதிவு இல்லை. பள்ளிகளுக்கான பாரதியார் தினப் போட்டி வரை போய்விட்டு வந்து காலைக் கெந்திக்கொண்டு நிற்பான்.

இப்போது பெரிய போட்டிகளில் கபடி, ‘மேட்’ என்னும் மெத்தை விரிப்பின் மேல்தான் நடக்கிறது. எங்கள் பிள்ளைகள் வருடம் பூராவும் மண்ணில் வெறுங்காலோடு ஆடிவிட்டு, போட்டி அன்று முதல்முறையாக ஷூ போட்டு மேட்டில் ஏறுகிறார்கள். மண்ணில் கால் வழுக்கிக்கொடுக்கும். மேட்டில் ஷூ பிடித்துக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும். இதனால்தான் முழங்கால் போகிறது என்பது என் கணிப்பு. சரியா தப்பா என்று யாரும் வந்து பார்த்ததில்லை. நீ வந்து பாரேன்.

கோட்டுநோட்டு
திங்கள், காலை 5.50

இடதுவிங்கர், நான் இதைத்தான் 16 வருடமாகச் செய்கிறேன். பகலில் கல்லூரியில் பாடம், காலையும் மாலையும் மைதானம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பிஎச்.டி. தொடங்கியபோது ஒரு கோடு போட்ட நோட்டும், அச்சடித்த படிவமும் எடுத்துக்கொண்டு பெரம்பூர்ப் பக்கம் ஒரு மைதானத்துக்குப் போனேன். கோ-கோ ஆடும் பையன்கள். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் "இன்னைக்கு காயம் ஏதாவது ஆச்சா?" என்று கேட்பேன். மூன்று வாரம் கேட்டேன். முட்டியில் சிராய்ப்பு, முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். ஆங்கிலக் கட்டுரைகளில் படித்த பெரிய பிரச்சினை எதுவும் நம் ஊரில் இல்லையோ என்றுகூட நினைத்தேன்.

நான்காவது வாரம் ஒரு பையனைக் கவனித்தேன். ‘போல்’ என்னும் கம்பத்தைப் பிடிக்கப் பாயும்போது எப்போதும் வலது காலில் உந்துவான். அன்று இரண்டு முறை இடது காலில் உந்தினான், மூன்றாவது முறை பாயவே இல்லை, சுற்றிக்கொண்டு ஓடினான். கூப்பிட்டுக் கேட்டேன். "காயம் இல்ல மேடம்" என்றான். வலது முன்னங்கால் எலும்பின் உள்ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை நாளாக என்றேன். "பொங்கலுக்கு முன்னாடிலேர்ந்து." அப்போது மார்ச் மாதம்.

அவன் பொய் சொல்லவில்லை. தமிழில் காயம் என்றால் ரத்தம் வரவேண்டும். அடி என்றால் யாராவது இடிக்கவேண்டும், இல்லை எதன் மேலாவது மோதவேண்டும். தானாக வந்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் எலும்பு வலி இந்த இரண்டிலும் சேராது. ஆங்கிலச் சொல்லை ஒரே தமிழ்ச் சொல்லாக மாற்றிக் கேட்டது என் தவறு. படிவத்தைக் கிழித்துவிட்டேன். "இன்னைக்கு எதைச் செய்ய முடியலை?" என்று கேட்க ஆரம்பித்தேன். அதன் பிறகுதான் நோட்டு நிரம்பியது. பிடிப்பு, சுளுக்கு, வீக்கம், நரம்பு இழுக்குது, குதிகால் எரியுது, மூட்டு கடகடங்குது என்று பக்கம் பக்கமாக வந்தது.

பின்னர் 2013இல் நார்வேயின் ஆஸ்லோ விளையாட்டுக் காய ஆய்வு மையத்தார் இதே சிக்கலுக்கு நான்கு கேள்விகள் கொண்ட வாராந்தரப் படிவம் வெளியிட்டார்கள். பயிற்சியில் முழுதாகக் கலந்துகொண்டாயா, எவ்வளவு குறைத்துக்கொண்டாய், ஆட்டம் எவ்வளவு பாதித்தது, வலி எவ்வளவு என்ற நான்குதான். ஆட்டத்தை விட்டு வெளியே உட்கார்ந்தவர்களை மட்டும் எண்ணினால், வலியோடு ஆடிக்கொண்டே இருப்பவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்று அவர்களும் கண்டிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கோ-கோ பையன்தான் நினைவுக்கு வந்தான்.

இன்னொன்று. பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்த வேலையில் இறங்காதே. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 இடம், அரசு வேலையில் 3 சதவீதம். மாநிலப் போட்டிச் சான்றிதழ் ஒன்று அந்தக் குடும்பத்தின் நிலையையே மாற்றும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை முதுகு வலியை மறைக்கிறான் என்றால் அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் முதல் நாளே ஒரு வாக்குக் கொடுப்பேன்: நீ சொல்வது உன் கோச்சுக்குப் போகாது. ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் முதலில் உன்னிடம் பேசுவேன், பிறகு உன் வீட்டில். இந்த வாக்கை ஒருமுறை மீறினால் அந்த மைதானத்தில் உனக்கு யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

கவர்டிரைவ்
திங்கள், காலை 8.15

எல்லோரும் மன்னிக்கணும், எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. வெளிநாட்டில் இதையெல்லாம் நாற்பது வருடமாக எண்ணிவிட்டார்கள். கால்பந்துக்கு ஃபிஃபா 11+ என்று வார்ம்-அப் முறையே இருக்கிறது, இருபது நிமிடம். வேகப்பந்து வீசும் பிள்ளைகளுக்கு வயதுக்கு இத்தனை ஓவர் என்று இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி 1973இல் மேற்கிந்தியச் சுற்றுப்பயணத்தில் கீழ்முதுகு எலும்பு விரிசலோடு வீட்டுக்குப் போனவர். மீண்டு வந்து, 1987இல் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷன் என்னும் வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் நம் சேத்துப்பட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த அறிவு இந்த ஊருக்கு வந்து கிட்டத்தட்ட நாற்பது வருடம் ஆகிறது. இன்னும் எண்ணிக்கொண்டே இருப்பதற்குப் பதில், தெரிந்ததை அமல்படுத்த ஆள் போடலாமே?

என் மகனுக்கு 15 வயது, வேகப்பந்து. பள்ளி அணி, சனி ஞாயிறு அகாடமி, அப்புறம் ஒரு கிளப்புக்கு லீக். போன மாதம் முதுகு வலி என்று ஸ்கேன் எடுத்தால் இடுப்பு முள்ளெலும்பில் விரிசலின் தொடக்கம். மூன்று இடத்துக் கோச்சும் "எங்கக்கிட்ட அளவாத்தான் போட்டான்" என்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மையும்கூட. ஆய்வு வந்து இதில் என்ன செய்யப்போகிறது?

சராசரி
திங்கள், காலை 11.05

கவர்டிரைவ் சார், மகன் சீக்கிரம் குணமாகட்டும். அந்த வயதில் பெரும்பாலும் ஓய்விலேயே கூடிவிடும், அவசரப்பட்டுப் பந்து கையில் கொடுத்துவிடாதீர்கள்.

நான் நோய்ப்பரவியல் படித்தவன், அதாவது நோய் யாருக்கு, எவ்வளவு வருகிறது என்று எண்ணும் துறை. விளையாட்டுக்காரன் இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. மூன்று கோச்சும் தனித்தனியாகச் சரி, மூன்றையும் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை. அந்தக் கூட்டலைத்தான் இந்தப் பெண் செய்ய வருகிறார்.

எண்ணுவது என்றால் காயத்தை மட்டும் எண்ணுவது இல்லை. ஒரு பள்ளியில் கபடியில் 12 காயம், இன்னொன்றில் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். எது ஆபத்தான பள்ளி? முதல் பள்ளியில் 40 பிள்ளைகள், வாரம் 6 நாள், 20 வாரம் ஆடினார்கள். மொத்தம் 4,800 பங்கேற்பு. இரண்டாவதில் 16 பிள்ளைகள், 5 நாள், 10 வாரம். 800 பங்கேற்பு. ஆயிரம் பங்கேற்புக்கு முதல் பள்ளியில் 2.5, இரண்டாவதில் 10. எட்டு காயம் உள்ள பள்ளிதான் நான்கு மடங்கு மோசம். ஒரு பிள்ளை ஒரு நாள் பயிற்சிக்கோ ஆட்டத்துக்கோ இறங்கினால் ஒரு பங்கேற்பு. இதுதான் கணக்கின் கீழ்ப்பகுதி, வகுக்கும் எண். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுக்கு 1982இலிருந்தும், உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2005இலிருந்து இணையம் வழியாகவும் இப்படித்தான் சேர்த்துவருகிறார்கள். அதனால்தான் கால்பந்து, கூடைப்பந்து இரண்டிலும் பெண்களுக்கு ஏ.சி.எல். கிழிவது ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று அவர்களால் உறுதியாகச் சொல்லமுடிந்தது.

ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்யமுடியாது. அங்கே மேல் எண், அதாவது காயங்களின் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும், அதுவும் முழுதாக இருக்காது. மண்தரை மாஸ்டர் சொன்னதுபோல, புத்தூர் கட்டுக்குப் போனவன் அதில் வரவே மாட்டான். தினம் யார் யார் ஆடினார்கள் என்ற வருகைப் பதிவேடு இருக்கிறதே, அதுதான் பொக்கிஷம். மாஸ்டர், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கோட்டுநோட்டு
திங்கள், இரவு 9.10

கவர்டிரைவ் சார், ஃபிஃபா 11+ பற்றி நீங்கள் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நல்ல முறைதான், நானே சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அது எங்கே சோதிக்கப்பட்டது என்று பாருங்கள். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள், 125 கிளப்புகள், ஒரு சீசன். 2008இல் முடிவு வெளிவந்தது. கடுமையான காயங்களும், அதிகப் பயன்பாட்டால் வரும் காயங்களும் தெளிவாகக் குறைந்தன. ஆய்வாளர்கள் முதன்மையாக எடுத்துக்கொண்ட மொத்தக் கால் காயங்களில் குறைவு இருந்தாலும், அது புள்ளியியல்படி உறுதியாகவில்லை. அதையும் ஒளிக்காமல் எழுதினார்கள்.

அதே இருபது நிமிடத்தை இங்கே கொண்டுவாருங்கள். காலை ஆறே முக்காலுக்குப் பயிற்சி தொடங்கி ஏழரைக்கு முடியவேண்டும், பிள்ளைகள் குளித்துப் பள்ளிக்கு ஓடவேண்டும். நாற்பத்தைந்து நிமிடத்தில் இருபதை வார்ம்-அப்புக்குக் கொடுங்கள் என்று ஒரு மாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். முதல் வாரம் செய்தார், இரண்டாம் வாரம் பத்து நிமிடமாக்கினார், மூன்றாம் வாரம் சுற்று ஓட்டம் மட்டும் மிஞ்சியது. அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. எந்தப் பயிற்சியை விட்டால் பரவாயில்லை, எதை விடவே கூடாது, பத்து நிமிடத்தில் எது பலன் தரும் என்று அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லையே.

விளையாட்டுக் காயத் தடுப்புக்கு ஆய்வாளர் வான் மெக்கலன் 1992இல் நான்கு படி சொன்னார். எவ்வளவு நடக்கிறது என்று பார், ஏன் நடக்கிறது என்று பார், தடுப்பு ஒன்றைக் கொண்டுவா, பிறகு முதல் படிக்கே திரும்பிப்போய் மறுபடி எண்ணு. இன்னொரு ஆய்வாளர் கரோலின் ஃபின்ச் 2006இல் அதோடு ஒன்றைச் சேர்த்தார்: ஆய்வில் பலித்த முறை, நிஜ மைதானத்தில் நிஜக் கோச் கையில் பலிக்கிறதா என்பது தனிக் கேள்வி, அதையும் ஆராயவேண்டும். நீங்கள் அமல்படுத்தச் சொல்கிறீர்களே, அந்த அமல்படுத்தலே ஓர் ஆய்வுத் துறை சார். கபடிக்கும் கோ-கோவுக்கும் வேறு யாரும் வந்து எண்ணித் தரமாட்டார்கள். நாம்தான் செய்யவேண்டும்.

கவர்டிரைவ்
திங்கள், இரவு 10.30

மேடம், கபடியைப் பற்றிச் சொன்னது சரி. அதை நான் யோசிக்கவில்லை. மகன் போட்ட பந்துகளை இனி நானே எழுதி வைக்கிறேன், மூன்று இடத்தையும் சேர்த்து. டாக்டர் அனுமதித்த பிறகுதான்.

அயனாவரம்_அம்மா
செவ்வாய், மதியம் 2.20

நான் படித்தவள் இல்லை, கேட்டால் தப்பாக நினைக்கவேண்டாம். என் பெண்ணுக்கு 13 வயது, வாலிபால். முட்டிக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது, குதித்தால் வலி என்கிறாள். வளரும் வயதில் வருவதுதான் என்கிறார்கள் சிலர். ஆட்டத்தையே நிறுத்து என்கிறார் மாமியார்.

போன வருடம் ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி என்று வந்து, ஆங்கிலத்தில் மூன்று பக்கம் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை. 2022 நவம்பரில் நம் ஊரில் கால்பந்து ஆடிய கல்லூரிப் பெண், முழங்கால் ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு காலையும் இழந்து உயிரையும் இழந்ததே, அந்த முகம் டிவியில் பார்த்ததிலிருந்து எனக்குப் பயம். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் எப்படிப் போடுவது?

முழங்கால்
செவ்வாய், மாலை 6.45

அக்கா, தப்பே இல்லை. நான் பிசியோ, பத்து வருடமாக இதே வயதுப் பிள்ளைகளைத்தான் பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக்கூடாது, ஆனால் நீங்கள் சொல்லும் விதத்தில் அது ஆஸ்குட் ஷ்லாட்டர் என்னும் நிலையாக இருக்கலாம். தொடையின் முன்தசை வந்து ஒட்டும் இடம் இன்னும் முழு எலும்பாக இறுகாத வயது. குதிக்கும்போதெல்லாம் அந்த இடம் இழுபடும். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆட்டத்தை அடியோடு நிறுத்தத் தேவையில்லை, குதிப்பதைக் குறைக்கலாம், சர்வீஸ், பாஸ் பயிற்சி செய்யலாம், தொடைத் தசைக்கு முறையான பயிற்சி கொடுக்கலாம். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், மூட்டு பூட்டிக்கொள்வது, திடீரென்று காலை ஊன்றவே முடியாமல் போவது, இதில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் எலும்பு டாக்டரிடம் போய்விடுங்கள். எப்படியும் ஒருமுறை காட்டிவிடுங்கள். கட்டுப் போட்டு அசையாமல் வைக்கவேண்டாம், தசை இளைத்துவிடும்.

கோட்டுநோட்டு
செவ்வாய், இரவு 9.30

அயனாவரம் அக்கா, நீங்கள் கையெழுத்துப் போடாதது சரியான முடிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள் தெளிவாக இருக்கின்றன. பெற்றோர் சம்மதம் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். 7 வயதுக்கு மேல் பிள்ளையின் வாய்மொழி ஒப்புதல், 12க்கு மேல் பிள்ளையின் எழுத்து ஒப்புதல். உங்கள் பெண்ணுக்கு 13, அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இடதுவிங்கர், அக்கா எழுதியதை எடுத்து வைத்துக்கொள். உன் சம்மதப் படிவத்தை எழுதி முடித்ததும் இவரைப் போன்ற ஓர் அம்மாவிடம் படித்துக் காட்டு. எங்கே அவர் முகம் சுருங்குகிறதோ அந்த வரியைத் திருத்து.

2022 பற்றி. அப்போது எல்லோரும் அறுவையைப் பற்றிப் பேசினோம், பேசியிருக்கவும் வேண்டும். ஆனால் ஒரு வருடத்தில் சென்னையில் எத்தனை மாணவிகளுக்கு முழங்கால் ஜவ்வு கிழிகிறது என்று அன்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், இத்தனை வருடம் இதே வேலையில் இருக்கும் என்னால் சொல்லியிருக்க முடியாது. பல நாள் அதை நினைத்துத் தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன்.

இடதுவிங்கர்
புதன், இரவு 8.00

எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பெண்ணை டாக்டரிடம் காட்டியதும் சொல்லுங்கள்.

கோட்டுநோட்டு மேடம், நேராகவே கேட்கிறேன். எங்கே சேருவது, மாதம் என்ன வரும், அப்பாவிடம் என்ன சொல்வது?

கோட்டுநோட்டு
புதன், இரவு 10.15

நேராகவே சொல்கிறேன். யு.ஜி.சி.யின் ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000. ஆனால் அதற்கு எழுதவேண்டிய நெட் தேர்வின் பாடப் பட்டியலில் உடற்கல்வி உண்டு, பிசியோ தனிப் பாடமாக இல்லை. எம்.பி.எட். (உடற்கல்வி முதுநிலை) முடித்தவர்களுக்கு இருக்கும் அந்த வாசல் உனக்கு இல்லை. நீ பல்கலைக்கழக உதவித்தொகையையோ, ஏதாவது ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர் இடத்தையோ தேடவேண்டியிருக்கும். தொகை சிறியது, சில மாதம் தாமதமாகவும் வரும். நான் வாரம் மூன்று மாலை கிளினிக் பார்த்துத்தான் பிஎச்.டி. முடித்தேன். அப்பாவிடம் கிளினிக்கை விடப்போவதில்லை என்று சொல், அது உண்மையும்கூட. நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டால் இந்த ஆய்வும் வறண்டுவிடும்.

இடம் என்று பார்த்தால் சென்னையை விட வசதியான ஊர் குறைவு. நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி, 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கியது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவின் விளையாட்டு அறிவியல் மையம். ஐ.ஐ.டி.யில் விளையாட்டு அறிவியலுக்கும் தரவுப் பகுப்பாய்வுக்கும் ஒரு மையம். எண்ணும் கலையைப் படிக்க அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். ஒரு பேருந்துப் பாஸில் எல்லாவற்றையும் சுற்றிவிடலாம். மைதானம் தெரிந்தவருக்குப் புள்ளியியல் தெரியாது, புள்ளியியல் தெரிந்தவர் மைதானத்துக்கு வரமாட்டார். நடுவில் நடக்கும் ஆள்தான் தேவை. இரண்டு வழிகாட்டிகள் வைத்துக்கொள், ஒருவர் விளையாட்டு மருத்துவம், இன்னொருவர் நோய்ப்பரவியல்.

அப்புறம், முப்பது பள்ளி என்று தொடங்காதே. அந்தத் தவறை நான் செய்து ஒரு வருடம் போனது. ஒரு விளையாட்டு, ஒரு குறுவட்டம், ஒரு சீசன். இந்த வேலையில் அவசரப்படுத்த எதுவும் இல்லை. சீசன் ஜூனில் தொடங்கி ஜனவரியில்தான் முடியும், அதற்கு முன் உன் தரவு முடியாது. உன்னோடு படித்தவர்கள் மூன்று கட்டுரை போட்டிருப்பார்கள், நீ நோட்டோடு மைதானத்தில் நிற்பாய். பணி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இரண்டு முறை பின்னால் போனது இதனால்தான், வலித்தது. ஆனாலும் வேறு துறைக்கு மாறவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மண்தரை
வியாழன், காலை 5.15

பெண்கள் கபடி அணி, 22 பேர். காலை ஆறே முக்கால். வருகைப் பதிவேடு ஆறு வருடத்துக்கு இருக்கிறது, சராசரி சார் சொன்ன பிறகு பீரோவுக்கு மேலே இருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். தலைமையாசிரியையிடம் பேசிவிட்டேன், கல்லூரியிலிருந்தும் நெறிமுறைக் குழுவிலிருந்தும் கடிதம் வேண்டும் என்றார். கொண்டு வாம்மா.

இடதுவிங்கர்
சனி, மதியம் 1.30

மூன்று மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நெறிமுறைக் குழு அனுமதி வந்தது. சம்மதப் படிவம் தமிழில், இரண்டு பக்கம். ஐந்து அம்மாக்களிடம் படித்துக் காட்டித் திருத்தியது. வழிகாட்டி ஒருவாறு ஒத்துக்கொண்டார், முதுநிலை ஆய்வேட்டை ஒரே பள்ளியோடு வைத்துக்கொள்ளச் சொல்லி. இந்த வாரம் முழுக்க மாஸ்டர் மைதானத்தில் இருந்தேன். 22 பேர், ஐந்து நாள். இரண்டு நாள் மூன்று பேர் வரவில்லை, ஆக 104 பங்கேற்பு. படிவம் நன்றாகவே போனது, ஒரு இடம் தவிர.

ரைடு போகும் ஒரு பெண், பத்தாம் வகுப்பு. வலி எவ்வளவு என்றால் இல்லை என்கிறாள். வீக்கம் இல்லை. பயிற்சியில் முழுதாகக் கலந்துகொள்கிறாள். நான்கு கேள்விக்கும் சுழியம். நோட்டை மூடப்போகும்போது, "ஆனா அக்கா, சில சமயம் கால் ஏமாத்துது" என்றாள். எப்போது என்றேன். திரும்பும்போது, படி இறங்கும்போது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவள் அம்மாவிடம் அன்று மாலையே பேசினேன், திங்கட்கிழமை எலும்பு மருத்துவரிடம் போகிறார்கள், நானும் போகிறேன்.

மேடம், ஒரு கேள்வி. "கால் ஏமாத்துது" என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கோட்டுநோட்டு
சனி, மதியம் 3.05

எந்தக் கட்டத்திலும் திணிக்காதே. புதுக் கட்டம் போடு, அவள் சொன்ன அதே சொல்லில். முழங்கால் உறுதி இழப்பதற்கு நாம் மருத்துவமனையில் சுற்றிவளைத்துக் கேட்கும் கேள்வியை அந்தப் பெண் இரண்டு சொல்லில் சொல்லியிருக்கிறாள். இந்தச் சொல் மற்றப் பிள்ளைகளுக்கும் பொருந்துகிறதா என்று ஒவ்வொருவராகக் கேள். கூட்டத்தில் கேட்காதே.

திங்கட்கிழமை வரை அவள் ரைடு போகவேண்டாம், மாஸ்டரிடம் சொல். முதலில் அவளிடம் சொல்லிவிட்டு.

மண்தரை
திங்கள், இரவு 7.40

டாக்டர் ஸ்கேன் எழுதியிருக்கிறார், வியாழன் எடுக்கிறார்கள். பெண்ணை ஸ்கோர் எழுத உட்காரவைத்திருக்கிறேன், முகம் வாடித்தான் இருக்கிறது, பக்கத்திலேயே இருக்கிறேன்.

இடதுவிங்கர் பாப்பா இன்று காலை மற்றப் பிள்ளைகளைத் தனித்தனியாக வேப்பமரத்தடியில் வைத்துக் கேட்டது. இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்களாம். யார் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருத்திக்குப் போன டிசம்பரிலிருந்து இருக்கிறதாம். போன டிசம்பரில் அந்த அணியை நான்தான் தினமும் பார்த்தேன்.